தயாரிக்கக் கொடுத்த காசும் தடுக்கக் கொடுத்த காசும்

யாழ்ப்பாணத்தில் பல வீடுகளில் வீடியோ கேம் விளையாட எந்தக் கொன்சோல் (டிவியில் இணைக்கும் விளையாட்டுப் பெட்டி) என்பதைத் தீர்மானிப்பது விளையாடுகிற பிள்ளை இல்லை. கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வருகிற உறவினர்தான். கொக்குவிலில் இருக்கும் என் அக்காவின் மகனுக்கு, நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த சித்தப்பா பிளேஸ்டேஷன் கொண்டுவந்தார். பக்கத்து வீட்டுப் பெடியனுக்குக் கிடைத்தது எக்ஸ்பொக்ஸ். "மாமா, அவன்ரயில ஓடுற கேம் ஏன் என்ரயில ஓடாது?" என்று ஒரு நாள் கேட்டான். இரண்டு பெட்டிகளுக்குள்ளும் இருப்பது ஏறக்குறைய ஒரே மாதிரியான சில்லுகள்தான். அதனால் பல நேரங்களில் பதில் தொழில்நுட்பத்தில் இல்லை, ஒப்பந்தத்தில் இருக்கிறது.

ஒரு விளையாட்டு ஒரு கொன்சோலில் அல்லது ஒரு கடையில் மட்டும் வர வேண்டும் என்று காசு கொடுத்துச் செய்யும் இந்தப் பிரத்தியேக ஒப்பந்தங்கள் எல்லாவற்றையும் ஒரே தராசில் போட எனக்கு மனம் வரவில்லை. காசு எதற்காகக் கைமாறியது என்று பார்க்க வேண்டும்.

பயோனெட்டா 2 விளையாட்டை எடுத்துக்கொள்வோம். சேகா என்ற விளையாட்டு நிறுவனம் கைவிட்ட திட்டம் அது. இன்னொரு கொன்சோல் நிறுவனமான நிண்டெண்டோ பணம் போட்டதால் 2014-ல் வெளிவந்தது, நிண்டெண்டோ கருவிகளில் மட்டும். மற்றவர்களுக்குக் கிடைக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பணம் இல்லாவிட்டால் யாருக்குமே கிடைத்திருக்காது. 2023-ல் வந்த அலன் வேக் 2-ம் இப்படித்தான். எபிக் நிறுவனம் பணம் போட்டு வெளியிட்டது, அதனால் கொம்பியூட்டரில் எபிக்கின் இணையக் கடையில் மட்டும் விற்கிறார்கள். இவற்றில் நுகர்வோர் இழந்தார்கள் என்று என்னால் சொல்ல முடியாது.

இதற்குப் பக்கத்தில் ரைஸ் ஒஃப் த டூம் ரைடரை வையுங்கள். முந்தைய பாகம் பிளேஸ்டேஷனிலும் எக்ஸ்பொக்ஸிலும் வந்த, நன்றாக விற்ற தொடர். எக்ஸ்பொக்ஸின் சொந்தக்காரரான மைக்ரோசொப்ட் செய்த ஒப்பந்தத்தால் 2015 நவம்பரில் எக்ஸ்பொக்ஸில் வந்தது, பிளேஸ்டேஷன்காரர் 2016 ஒக்டோபர் வரை காத்திருந்தார்கள். பிளேஸ்டேஷனின் சொந்தக்காரரான சொனியும் இதையே செய்கிறது. ஃபைனல் ஃபேன்டசி 16 பிளேஸ்டேஷன் 5-ல் 2023 ஜூனில் வந்தது, கொம்பியூட்டருக்கு 2024 செப்டம்பரில்தான் வந்தது. முதல் வகையில் காசு ஒரு விளையாட்டைப் பிறக்கவைத்தது. இந்த வகையில் எப்படியும் வரவிருந்த விளையாட்டின் வாசலில் கொஞ்சக் காலம் ஆளை நிறுத்திவைத்தது. காத்திருந்தவருக்கு இதில் ஒரு சதம் லாபமும் இல்லை.

கொம்பியூட்டர் விளையாட்டுகளை விற்கும் இணையக் கடைகளுக்கு இடையிலான சண்டையில் சேதம் குறைவு. 2018 டிசம்பரில் தொடங்கிய எபிக் கடை, விற்பனையில் 12 சதவீதம்தான் எடுத்தது. போட்டிக் கடையான ஸ்டீமின் வழக்கமான பங்கு 30. மெட்ரோ எக்ஸோடஸ் என்ற விளையாட்டு வெளிவர மூன்று வாரம்கூட இல்லாத நேரத்தில், ஸ்டீமில் முற்பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஒரு வருடத்துக்கு எபிக்குக்கு மாறியது. அமெரிக்காவில் விலை 10 டொலர் குறைந்தது. ஐரோப்பாவில் குறையவில்லை. அதில் எனக்குக் கோபம் உண்டு. ஆனாலும் இன்னொரு கடையை இலவசமாக இறக்கிக்கொள்வதும் இன்னொரு கொன்சோல் வாங்குவதும் ஒன்றாகுமா?

உரிமத்தையே முழுசாக வாங்கிவிடும் ஒப்பந்தம்தான் மோசமானது. 2004-ல் அமெரிக்கக் கால்பந்து விளையாட்டில் இரண்டு தொடர்கள் மோதின. ஒன்று 20 டொலருக்கு வந்ததும், 50 டொலருக்கு விற்ற, ஈஏ நிறுவனத்தின் மேடன் 30 டொலருக்கு இறங்கியது. அந்த டிசம்பரிலேயே ஈஏ, அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்-இன் உரிமத்தைத் தனக்கு மட்டும் என்று எழுதி வாங்கியது. போட்டித் தொடர் அதோடு நின்றது, அடுத்த ஆண்டு மேடன் திரும்பவும் 50 டொலர். வாங்கியவர்கள் வழக்குப் போட்டார்கள். 2012-ல் ஈஏ 2 கோடி 70 லட்சம் டொலர் கொடுத்து முடிக்கச் சம்மதித்தது. போட்டி போனால் விலை என்னாகும் என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் உதாரணம் இந்தத் துறையில் வேறு எனக்குத் தெரியாது.

சரி, இதெல்லாம் எங்கள் ஊரில் எப்படி விழுகிறது? 70 டொலர் விளையாட்டு, டொலர் 300 ரூபா என்று வைத்தாலே 21,000 ரூபா. 2022 நெருக்கடியில் டொலர் 200 ரூபாவிலிருந்து 350-ஐத் தாண்டியதை நாங்கள் பார்த்திருக்கிறோம். ஒரு விளையாட்டுக்காக இரண்டாவது கொன்சோல் என்ற பேச்சுக்கே இடமில்லை. அதனால் மருமகனுக்கு நான் சொல்லிவந்தது, காத்திரு, சொனியின் விளையாட்டுகள் இப்போது கொம்பியூட்டருக்கும் வருகின்றன என்பதுதான். 2018-ன் கோட் ஒஃப் வார் 2022 ஜனவரியில் வந்தது.

ஆனால் சொனியின் இணையக் கணக்குச் சேவையான பிளேஸ்டேஷன் வலையமைப்பு இலங்கையை ஒரு நாடாகவே பட்டியலில் வைத்திருக்கவில்லை. இங்குள்ளவர்கள் வேறு நாட்டைப் போட்டுத்தான் கணக்குத் திறக்கிறார்கள். 2024 மே மாதம் சொனி தன் ஹெல்டைவர்ஸ் 2 விளையாட்டுக்குக் கொம்பியூட்டரிலும் அந்தக் கணக்கைக் கட்டாயமாக்கப் போனபோது, 170-க்கும் மேற்பட்ட நாடுகளில் ஸ்டீம் விற்பனை நின்றது. எதிர்ப்பு வந்ததும் கட்டாயத்தைக் கைவிட்டார்கள். அதே மாதம் சொனியின் கோஸ்ட் ஒஃப் சுஷிமா கொம்பியூட்டருக்கு வந்தது. ஏறக்குறைய நான்கு வருடம் காத்திருந்த விளையாட்டு அது. தனியாக விளையாடும் கதைப் பகுதிக்கு அந்தக் கணக்குத் தேவையே இல்லை. இருந்தும் அந்தப் பட்டியலில் இல்லாத நாடுகளில் விற்பனையை நிறுத்தி, முற்பதிவு செய்தவர்களுக்குக் காசைத் திருப்பிக் கொடுத்தார்கள். மருமகனிடம் காத்திரு என்று அதற்குப் பிறகு நான் சொல்லவில்லை.