தேதிக் கட்டத்தோடு இரண்டு வருடம்

பொருள் வடிவமைப்பையும் தரவு அறிவியலையும் சேர்த்துக் கற்றுத்தரும் அந்த இணையவழிப் படிப்பின் கட்டணம் பாதியாகிவிட்டதாம். "சேரலாமா?" என்று நண்பர் கேட்கிறார். நான் முழுக் கட்டணம் கட்டியவன். அந்த வயிற்றெரிச்சலைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

படித்ததை நான் போட்டுப் பார்த்த இடம், தன்னார்வலர்கள் நடத்தும் ஒரு சிறிய நூலகம். எந்தப் புத்தகம் தாமதமாகத் திரும்பும் என்று முன்கூட்டியே கணிப்பது திட்டம். படிப்பில் கொடுத்த தரவோ ஐரிஸ் பூக்களின் அளவுகள்: 1936-இல் புள்ளியியலாளர் ஃபிஷரின் கட்டுரையில் வந்த அதே 150 வரிகள், வகைக்கு 50, ஒரு கட்டம்கூடக் காலியில்லை. அதில் பழகிவிட்டு நூலகக் கோப்பைத் திறந்தால் தலை சுற்றியது. 25/03 அன்று எடுத்த புத்தகம் 03/04 அன்று திரும்பியிருக்கிறது. ஒன்பது நாள், அவ்வளவுதான். தரவைக் கையாளும் பைத்தான் கருவியான பாண்டாஸ், தேதியில் மாதத்தைத்தான் முதலில் தேடும். 25-ஆம் மாதம் என்று ஒன்று இல்லாததால் முதல் தேதியைச் சரியாகப் படித்தது. அடுத்ததை மார்ச் 4 என்று எடுத்துக்கொண்டது. எடுப்பதற்கு 21 நாள் முன்பே திருப்பிக் கொடுத்த வாசகர்! என்னிடமிருந்த பழைய பதிப்பு இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. 2023-இல் வந்த 2.0 பதிப்பு, முதல் தேதியை வைத்து வடிவத்தை முடிவுசெய்து, ஒத்துவராத வரியில் பிழை காட்டி நின்றுவிடும். பாடத்தில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. போதாக்குறைக்குத் தன்னார்வலர்களில் சிலர் மாதத்தையே முதலில் எழுதுகிறவர்கள். காகிதப் பதிவேட்டோடு ஒவ்வொரு வரியாக ஒப்பிட்டதில் மூன்று வாரம் போயிற்று.

வடிவமைப்புப் பகுதியை நான் வேண்டா வெறுப்பாகத்தான் கேட்டேன். ஆசிரியருக்குத் தூக்கம் வரவழைக்கும் குரல். ஆனால் அதில் ஒரு பாடம் உண்டு: வேலையைக் கொடுத்துவிட்டு, பின்னால் உட்கார்ந்து, வாயை மூடிக்கொண்டு கவனிப்பது. ஐந்து பேரை வைத்துச் சோதித்தாலே போதும் என்று பயன்பாட்டு எளிமை வல்லுநர் ஜேக்கப் நீல்சன் 2000-இல் எழுதியதைச் சொல்லித் தந்தார்கள். நானும் நூலகப் பதிவுப் படிவத்தின் முன் ஐந்து பேரை உட்கார வைத்தேன். மூன்றாவது ஆள், வயதான தன்னார்வலர், தேதிக் கட்டத்தில் நின்றுவிட்டார். சுவர்க் காலண்டரைப் பார்த்தார், தட்டினார், அழித்தார், மாற்றித் தட்டினார். எனக்குக் கை துறுதுறுத்தது. என் மூன்று வாரம் எங்கே போனது என்று அப்போதுதான் புரிந்தது. மறுநாளே கட்டத்தை எடுத்துவிட்டு 'இன்று' என்று ஒரு பொத்தானை வைத்தேன். தேதிக் குழப்பம் அதோடு தீர்ந்தது. (கணிப்பு மாதிரியை இப்போது யாரும் திறப்பதுகூட இல்லை. அது வேறு கதை.)

தரவு, வடிவமைப்பு என்ற இந்த இரண்டு பாடங்களையும் பேச்சுவார்த்தை அற்றுப்போன சம்பந்திகளைப் போலத் தனித்தனியே உட்கார வைத்திருக்கிறார்களே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

சேர வேண்டாம், பாதிக் கட்டணமே அதிகம் என்று நண்பரிடம் சொல்லிவிட்டேன். அந்த வடிவமைப்புப் பாடத்துக்கு நான் எழுதிவைத்த குறிப்பேட்டை மட்டும் கொடுத்திருக்கிறேன். எனக்கு அது அடிக்கடி தேவைப்படும். அதனால் திருப்பித் தரும் தேதியை மாதப் பெயரோடு எழுதி வாங்கிக்கொண்டேன்.