லைலா: நான்காம் பக்கம் வரை பொறுங்கள்

கல்லூரி நாட்களில் 'லைலா' பாட்டை எனக்கு அறிமுகப்படுத்தியது ஆங்கிலேயப் பாடகரும் கிட்டார் கலைஞருமான எரிக் கிளாப்டனின் 1992 'அன்ப்ளக்ட்' (மின் கிட்டார் இல்லாத கச்சேரி) கேசட். நிதானமாகப் பாடியிருப்பார். பழைய காதலை ஒருவர் அசைபோடும் பாட்டு என்றே பல வருடம் நினைத்திருந்தேன். போன மாதம்தான் மூலப் பதிவை வாங்கினேன்: 1970-ல் கிளாப்டனின் 'டெரெக் அண்ட் தி டாமினோஸ்' குழு வெளியிட்ட இரட்டை இசைத்தட்டின் மறு அச்சு. இரண்டு தட்டு, நான்கு பக்கம்; 'லைலா' இருப்பது நான்காம் பக்கத்தில். இது வேறு பாட்டு. மனிதர் தொண்டை கிழியக் கெஞ்சுகிறார்.

கெஞ்சியது பேட்டி பாய்டிடம். அப்போது அவர், கிளாப்டனின் நெருங்கிய நண்பரான பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசனின் மனைவி. அவர் பெயரைச் சொல்லிப் பாட முடியுமா? பாரசீகக் கவிஞர் நிஜாமி 12-ஆம் நூற்றாண்டில் எழுதிய லைலா மஜ்னு காவியத்திலிருந்து பெயரை எடுத்துக்கொண்டார். அதிலும் லைலாவை வேறொருவனுக்குக் கட்டிவைக்கிறார்கள். காதலித்தவன் பித்தனாக அலைகிறான்.

தயவுசெய்து நேராக நான்காம் பக்கத்தில் ஊசியை வைக்காதீர்கள். இரண்டாம் பக்கத்தில் 'ஐ ஆம் யுவர்ஸ்' பாட்டுக்கு நிஜாமியின் பெயரையும் போட்டிருக்கிறார்கள். மூன்றாம் பக்கம் முடிவது 'ஹேவ் யூ எவர் லவ்ட் எ வுமன்' என்ற பழைய ப்ளூஸ் பாட்டில். நண்பனின் மனைவியை விரும்பித் தவிப்பவனின் பாட்டு. அதைக் கேட்டுவிட்டுத் தட்டைத் திருப்பும்போது எனக்குக் கை நடுங்கியது.

'லைலா' ஏழு நிமிடம். முதல் பாதியில் டுவேன் ஆல்மனின் ஸ்லைடு கிட்டார் (கம்பிகள் மேல் குழாயை வழுக்கி வாசிப்பது) கூடவே அழுகிறது. அப்புறம் டிரம்மர் ஜிம் கார்டனின் பியானோ. சில வாரம் கழித்துப் பதிவு செய்து ஒட்டிய பகுதி அது. பாட்டைக் குறுக்கி சிங்கிளாக (தனிப்பாட்டு இசைத்தட்டாக) விட்டபோது எடுபடவில்லை. 1972-ல் முழுப் பாட்டாக வந்துதான் ஜெயித்தது. பியானோ இல்லாமல் எனக்கு இந்தப் பாட்டே வேண்டாம்.

கிளாப்டனும் பாய்டும் 1979-ல் கல்யாணம் செய்துகொண்டார்கள், 1989-ல் விவாகரத்து. அது தெரிந்து கேட்டாலும் அந்தக் கெஞ்சலின் சூடு குறையவில்லை.

ஒரு குறை. எனக்கு வந்த இரண்டாவது தட்டு லேசாக வளைந்திருந்தது. பியானோ தொடங்கும் இடத்திலேயே ஊசி குதித்தது. பத்து நாள் கேட்டுக் கேட்டு மாற்றி வாங்கினேன். மாற்றுத் தட்டில் சத்தம் சுத்தம், டிரம்ஸ் நன்றாகப் பிரிந்து கேட்கிறது. வாங்குகிறவர்கள் உறையைப் பிரித்ததும் இரண்டாவது தட்டை முதலில் பாருங்கள்.