வயர் மாறிய ஆல்பம்: ‘ஸ்கைலார்கிங்’குடன் 21 வருடம்

போன மாதம் ஆம்ப்ளிஃபயர் பழுதாகி, சரிசெய்து வந்தது. எந்தக் கடை என்று சொல்லப்போவதில்லை. 1,800 ரூபாய் வாங்கினார்கள், கெபாசிட்டர் மாற்றினார்கள், ஆள் வீட்டுக்கே வந்து மாட்டிவிட்டும் போனார். போட்டுக் கேட்டால் பாட்டு இருக்கிறது, பேஸை, அதாவது அடியில் அதிரும் தாழ்ந்த ஒலியை, காணோம். பாடுகிறவரின் குரல் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் நிற்காமல், எங்கோ என் பின்மண்டைப் பக்கத்திலிருந்து வந்தது. அரை மணி நேரம் பேஸ் குமிழைத் திருகிப் பார்த்துவிட்டு, அப்புறம் டார்ச் அடித்து ஸ்பீக்கர்களின் பின்பக்கம் எட்டிப் பார்த்தேன். இடது ஸ்பீக்கரில் சிவப்பு வயர் கறுப்பு முனையில், கறுப்பு வயர் சிவப்பு முனையில். ஒரு ஸ்பீக்கர் காற்றைத் தள்ளுகிற நேரத்தில் மற்றது இழுத்தால், தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று தின்றுவிடும். அதுதான் நடந்திருக்கிறது.

கோபம் வந்திருக்க வேண்டும். சிரிப்புதான் வந்தது. ஏனென்றால் அப்போது ஓடிக்கொண்டிருந்தது எக்ஸ்டிசி என்கிற ராக் குழுவின் ‘ஸ்கைலார்கிங்’. எங்கோ யாரோ வயரை மாற்றி மாட்டிவிட்டதால் சவலைப் பிள்ளையாகவே 24 வருடம் வளர்ந்த ஆல்பம் அது.

இந்தக் கூத்தை அலுவலகத்தில் சொன்னதும் ஒரு தம்பி பிடித்துக்கொண்டார். “அண்ணே, நீங்க சொல்லிச் சொல்லி நானும் கேட்டுட்டேன். பிடிச்சிருக்கு. வாங்கலாம்னு பார்த்தா நாலஞ்சு விதமா இருக்கு. எதை வாங்க?” அவருக்கு எழுத ஆரம்பித்த பதில்தான் இப்படி நீண்டுவிட்டது.

எக்ஸ்டிசி இங்கிலாந்தின் ஸ்விண்டன் ஊர்க்காரர்கள். ஆண்டி பார்ட்ரிட்ஜ், காலின் மோல்டிங், டேவ் கிரெகரி. 1982இல் பார்ட்ரிட்ஜுக்கு மேடை என்றாலே உடம்பு உதற ஆரம்பித்து, அமெரிக்கச் சுற்றுப்பயணத்தைத் தொடக்கத்திலேயே ரத்து செய்தார்கள். அத்தோடு கச்சேரி வாழ்க்கை முடிந்தது. இது எங்களை மாதிரி ரசிகர்களுக்கு முக்கியமான விஷயம். மற்ற குழுக்கள் என்றால், இசைத்தட்டில் சரியாக வராத பாட்டு மேடையில் கிளம்பிவிடும். இவர்களுக்கு அந்த வழி இல்லை. தட்டில் இருப்பதுதான் பாட்டு. அதில் பேஸ் மெலிந்திருந்தால் கடைசிவரை மெலிந்ததுதான்.

1986 அக்டோபரில் வந்த ‘ஸ்கைலார்கிங்’ பிரிட்டன் பட்டியலில் 90வது இடம்வரைதான் போனது. அமெரிக்காவில் 70. இந்த எண்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். சரி, அதை விடுங்கள்.

நான் முதலில் கேட்டது 2004இல். அமெரிக்காவில் இருந்த சித்தப்பா மகன் விடுமுறைக்கு வந்தபோது ஏழெட்டு பழைய சிடிகளைக் கொண்டுவந்து தள்ளிவிட்டுப் போனான். அதில் இது ஒன்று. மின்விசிறியைக்கூட நிறுத்திவிட்டுக் கேட்டது நினைவிருக்கிறது, பூச்சிச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க. முதல் பாட்டான ‘சம்மர்ஸ் கால்ட்ரன்’ அப்படித்தான் தொடங்கும். சில்வண்டுகள், நடுமத்தியான வெயில், அதன் மேல் சோம்பலாக இழுக்கிற ஒரு மெலோடிகா, வாயால் ஊதி வாசிக்கிற சின்னக் கீபோர்டு. அதை வாசித்தவர் தயாரிப்பாளர் டாட் ரன்ட்கிரனே. தேன் ஜாடியில் விழுந்த ஈ மாதிரி பார்ட்ரிட்ஜின் குரல் மெதுவாக நீந்தும். பாட்டு முடியப்போகிறது என்று நினைக்கிற இடத்தில் வயலின்கள் எழும், அப்படியே மோல்டிங்கின் ‘கிராஸ்’ ஆகிவிடும். எங்கே ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்கியது? 21 வருடம் ஆகியும் அந்த விளிம்பில் விரலை வைக்க முடியவில்லை.

இந்த ஒட்டுவேலை ரன்ட்கிரனுடையது. குழு அனுப்பிய மாதிரி ஒலிப்பதிவுகளைக் கேட்டு, ஒரு பாட்டு பதிவாவதற்கு முன்பே எது முதலில், எது கடைசியில் என்று வரிசை போட்டுவிட்டார். ஒரு கோடைப் பகல், காதல், மழை, குடும்பம், சாவு, கடைசியில் இரவில் எரிகிற பெரிய நெருப்பு. ஒரு நாளாகவும் கேட்கலாம், ஒரு ஆயுசாகவும் கேட்கலாம். தங்கள் பாட்டுகளை வேறொருவர் அடுக்கித் தருவது பார்ட்ரிட்ஜுக்குப் பிடிக்கவே இல்லை. அமெரிக்காவில் வுட்ஸ்டாக் ஊர்ப் பக்கத்து ஸ்டுடியோவில் இரண்டு பேரும் எலியும் பூனையுமாக இருந்திருக்கிறார்கள். ‘எர்ன் இனஃப் ஃபார் அஸ்’ பதிவின்போது பேஸ் கிடார் வாசிப்பு பற்றி வந்த சண்டையில் மோல்டிங் குழுவை விட்டே போகிறேன் என்று கிளம்பிவிட்டார். அப்புறம் சமாதானமாகித் திரும்பினார். அந்தப் பாட்டைக் கேட்டுப் பாருங்கள். சம்பளம் போதாத ஒருவன், வீட்டில் மூன்றாவதாக ஒரு ஜீவன் வரப்போகிறது என்று தெரிந்ததும், எப்படியாவது சமாளித்துவிடலாம் என்று மனைவிக்குத் தைரியம் சொல்கிறான். இந்த ஆல்பத்திலேயே துள்ளலான பாட்டு அதுதான். என் பெண் பிறக்கிறதுக்கு முன்னால் ஆறு மாதம் அதைத் தினமும் கேட்டேன். அப்போது என் சம்பளத்தைப் பற்றிப் பேச வேண்டாம்.

புகழ்ச்சி போதும். வயருக்கு வருகிறேன்.

அந்தப் பழைய சிடியில் முதல் நாளிலிருந்தே எனக்கு ஒரு அரிப்பு. எல்லாம் அழகாக இருக்கிறது, ஆனால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. டிரம்ஸ் அடி விழுகிறது, நெஞ்சில் விழவில்லை. ‘தி மீட்டிங் பிளேஸ்’ தொழிற்சாலை இயந்திரங்களின் தாளத்தோடு தொடங்கும். ஸ்விண்டன் ஒரு ரயில் பட்டறை ஊர், அந்தப் பட்டறை மூடப்பட்டதும் அதே 1986இல்தான். அந்த இரும்புச் சத்தம் தரையில் இறங்கவேண்டாமா? தகர டப்பாவைத் தட்டுகிற மாதிரி இருக்கும். ஸ்பீக்கர் மாற்றினேன். ஹெட்ஃபோன் வாங்கினேன். என் காது சரியில்லையோ என்றுகூட நினைத்தேன். குழுவுக்கும் அதே குறை இருந்திருக்கிறது. ஒலி மெலிந்திருக்கிறது என்று அவர்கள் அப்போதே முறையிட்டிருக்கிறார்கள்.

2010இல் புது வினைல் தட்டுக்காக மூல நாடாவைக் கையில் எடுத்த மாஸ்டரிங் பொறியாளர் (தட்டு அச்சாகும் முன் கடைசியாக ஒலியைச் செப்பனிடுகிறவர்) ஜான் டென்ட், இதன் போலாரிட்டியே தலைகீழாக இருக்கிறது என்று கண்டுபிடித்தார். ஸ்பீக்கர் முன்னே தள்ளவேண்டிய நேரத்தில் பின்னே இழுக்கிறது, இரண்டு பக்கமும். ஒலிப்பதிவு நடந்த வழியில் ஏதோ ஒரு இணைப்பில் கம்பிகள் இடம் மாறியிருக்கவேண்டும் என்பது அவர் கணிப்பு. ரன்ட்கிரன் இதை ஒப்புக்கொள்ளவில்லை. பார்ட்ரிட்ஜ் திருத்திய பதிப்பைத் தன் சொந்த நிறுவனத்தின் பெயரில் வெளியிட்டார். முதலில் வினைல், 2014இல் சிடி. 2016இல் இசைக்கலைஞர் ஸ்டீவன் வில்சன் செய்த, சுற்றிலும் ஸ்பீக்கர் வைத்துக் கேட்கிற சரவுண்ட் பதிப்பும் வந்தது.

திருத்திய சிடி என் கைக்கு வந்த அன்று ‘தி மீட்டிங் பிளேஸ்’தான் முதலில் போட்டேன். கண்ணாடி உடைந்துவிட்டது. பேஸ் கிடார் ஒவ்வொரு சுரமாக நடந்து வருவது கேட்டது. டேவ் கிரெகரி தந்தி வாத்தியங்களுக்கு எழுதிய ‘1000 அம்ப்ரெல்லாஸ்’ இசைக்கோர்ப்பில், செல்லோ கரகரவென்று இழுபடுவதை அன்றுதான் முழுதாகக் கேட்டேன். மழையில் நனைந்த கோணி மாதிரி கனமான ஒலி. பன்னிரண்டு வருடம் என்னிடமிருந்து இதை மறைத்துவிட்டார்களே என்று யார்மேல் என்று தெரியாத ஒரு எரிச்சல்.

ஆனால் நியாயமாகச் சொல்லவேண்டும். அப்படியானால் பழைய சிடியைப் போட்டு, என் வீட்டு ஸ்பீக்கர் வயர்களை இரண்டு பக்கமும் மாற்றி மாட்டினால் குறை தீரவேண்டுமே? போன மாதம் டார்ச்சும் கையுமாக உட்கார்ந்தபோது அதையும் செய்து பார்த்தேன். பெண்ணைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி மாற்றி மாற்றிப் போட்டேன். நான்கு முறை கேட்டுவிட்டு, “ரெண்டும் ஒண்ணுதாம்ப்பா, நான் போகட்டுமா?” என்றாள். எனக்கும் டிரம்ஸில் ஒரு இம்மி வித்தியாசம் தெரிந்த மாதிரி இருந்தது, அவ்வளவுதான். ஒரு ஸ்பீக்கரில் மட்டும் மாறினால் ஊருக்கே தெரியும், இரண்டிலும் மாறினால் காது பெரும்பாலும் மன்னித்துவிடுகிறது. அப்போது புதுப் பதிப்பில் நான் கேட்டது போலாரிட்டியா, டென்ட்டின் கைப்பக்குவமா? ரன்ட்கிரன் தோளைக் குலுக்குவது கண்ணில் தெரிகிறது.

இன்னொரு வயிற்றெரிச்சல் ‘டியர் காட்’. கடவுளுக்கே கடிதம் எழுதி உன்னை நம்பமாட்டேன் என்கிற பாட்டு. முதலில் ஆல்பத்தில் அது இல்லை. எழுதியதில் பார்ட்ரிட்ஜுக்கே திருப்தி இல்லை. ‘கிராஸ்’ பாட்டுக்குத் தனியாக வந்த சின்னத் தட்டின் (சிங்கிள்) பின்பக்கத்தில் போட்டுவிட்டார்கள். அமெரிக்க வானொலிக்காரர்கள் தட்டைத் திருப்பிப் போட, கேட்டவர்கள் பாதிப் பேர் கொண்டாட, பாதிப் பேர் கொதிக்க, அங்கே ஆல்பத்தை மறுபடி அச்சடித்தபோது அதை உள்ளே நுழைத்தார்கள். அதற்கு இடம் கொடுக்க ‘மெர்மெய்ட் ஸ்மைல்டு’ என்கிற இரண்டரை நிமிடம்கூட இல்லாத அழகான பாட்டைத் தூக்கி எறிந்தார்கள். என் 2004 சிடி அந்த அமெரிக்கப் பதிப்பு. ‘டையிங்’ என்று ஒரு கிழவரின் கடைசி நாட்களைக் காதோடு சொல்கிற பாட்டுக்கு நேர் முன்னால் இது வரும். கல்யாணப் பந்தியில் எல்லாரும் பாயசத்துக்குக் காத்திருக்கும்போது எழுந்து நின்று பாகப்பிரிவினை வழக்கைப் பேசுகிற மாமா மாதிரி. அவர் சொல்வதில் நியாயம் இருக்கலாம். அதற்கு இதுவா நேரம்? ஆனால் இந்த மாமா கத்தியிராவிட்டால் அமெரிக்காவில் அந்த 70வது இடம்கூடக் கிடைத்திருக்காது என்பதும் உண்மை. அந்தச் சிடியே சித்தப்பா மகன் கைக்கு வந்திருக்காது. இப்போது கிடைக்கிற பதிப்புகளில் இரண்டு பாட்டுமே உண்டு.

இதுவரை ஐந்து பேருக்கு இந்த ஆல்பத்தைக் காப்பி போட்டுக் கொடுத்திருக்கிறேன். மூன்று பேர் மரியாதைக்கு “நல்லாருக்கு” என்றார்கள். ஒருவர் திருப்பியே தரவில்லை, அதை வெற்றியாகக் கணக்கில் வைத்திருக்கிறேன்.

தம்பிக்கு அனுப்பிய பதில் இது: திருத்திய பதிப்பை வாங்கு, வேறு எதிலும் காசு போடாதே. ‘டியர் காட்’ வந்தால் தாண்டிவிடு. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு முதல் பாட்டிலிருந்து நடுவில் எழுந்திருக்காமல் கேள்.

நேற்று இரவு நான் போட்டது பழைய அமெரிக்கச் சிடி. பேஸ் மெலிந்துதான் இருந்தது. பூச்சிகள் மட்டும் அதில்தான் சரியாகக் கத்துகின்றன. தம்பி அதை இரண்டு நாளுக்கு இரவல் கேட்டார். தரமாட்டேன் என்றுவிட்டேன்.