எலிபெண்டா குகைக்குப் போகிறவர்களே, நமக்கு 40 ரூபாய்தான்

அவசரத்தில் இருப்பவர்கள் இந்த முதல் பந்தியோடு நிறுத்திக்கொள்ளலாம். மும்பைக்கு எதிரே கடலுக்குள் இருக்கும் எலிபெண்டா குகைகளுக்கு இலங்கைப் பாஸ்போட்டில் போகிறவருக்கு நுழைவுக் கட்டணம் 40 இந்திய ரூபாய். சார்க் என்ற தெற்காசியக் கூட்டமைப்பு நாட்டவர் என்பதால் இந்தியருக்கு உள்ள அதே கட்டணம். 600 ரூபாய் என்பது வெள்ளைக்காரர் முதலான மற்ற வெளிநாட்டவருக்கு. 15 வயதுக்குக் கீழே பிள்ளைகளுக்குக் காசே இல்லை. இன்னொன்று, திங்கட்கிழமை குகை பூட்டு. இந்த இரண்டும் தெரியாமல் போய் நாங்கள் 14 பேர் பட்ட பாடு கீழே.

நான் மட்டக்களப்பு, கல்லடியில் இருக்கிறேன், பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். மாமிக்கு ஷீரடி போகவேண்டும் என்று நெடுநாள் ஆசை. மட்டக்களப்பு டவுணில் இருக்கும் ஒரு பயண முகவர் மாசி மாதம் ஒரு குழு கூட்டிப்போவதாக வட்ஸ்அப்பில் நோட்டீஸ் வந்தது. மும்பை, ஷீரடி, நாசிக், திரும்ப மும்பை. நோட்டீஸின் மூன்றாவது நாளில் "எலிபெண்டா தீவுக் குகைக் கோவில், முழுநாள், தமிழ் வழிகாட்டியுடன், படகு, நுழைவுச்சீட்டு, மதிய உணவு அனைத்தும் அடங்கும்" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. பெயரை எழுதமாட்டேன், கேட்டு உள்பெட்டிக்கு வரவேண்டாம். காசு கொஞ்சம் திரும்பி வந்திருக்கிறது, மிச்சமும் வரவேண்டும்.

ஷீரடிப் பகுதியில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. தரிசனம் நன்றாகக் கிடைத்தது, தங்கின இடமும் சுத்தம்.

மூன்றாவது நாள் என்பது திங்கட்கிழமை. நோட்டீஸிலேயே திகதியும் கிழமையும் இருந்தன. எங்களில் யாரும் கவனிக்கவில்லை, அதை அச்சடித்தவரும் கவனிக்கவில்லை. காலை எட்டரைக்கு கேட்வே ஒஃப் இந்தியாவில் போய் இறங்கினோம். எங்களோடு வந்த ஒழுங்கமைப்பாளர் தம்பி படகு டிக்கட் விற்கிற இடத்துக்குப் போய், முகம் கறுத்துத் திரும்பி வந்தார். "அக்கா, கோவிக்காதீங்க, இண்டைக்குக் குகை பூட்டாம்." வேண்டுமென்றால் துறைமுகத்தைச் சுற்றி ஒரு மணித்தியாலம் படகில் காட்டுவார்களாம். மாமி அந்த வாசல் வளைவைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "மறுகா என்னத்துக்குப் புள்ள இவ்வளவு வெள்ளென எழுப்பின?"

சரி, நாளைக்கு வருவோம் என்று முடிவாயிற்று. ஏற்கனவே பேசிவைத்த தமிழ் வழிகாட்டிக்குச் செவ்வாய் வேறு வேலை. உண்மையில் அப்படி ஒருவர் இருந்தாரா என்பதிலேயே எனக்கு இப்போது சந்தேகம். எப்படியோ, மறுநாள் காலை அந்த முற்றத்தில் சுற்றிக்கொண்டிருந்தவர்களில் ஒருவரை அந்தத் தம்பி பிடித்தார். வெள்ளைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி, கழுத்தில் ஒரு பட்டி. பட்டியின் நுனியில் அட்டை இருக்கவேண்டும் அல்லவா? அது சட்டைப் பைக்குள் இருந்தது. கடைசிவரை வெளியே வரவில்லை. இந்தியச் சுற்றுலா அமைச்சு வழிகாட்டிகளுக்கு உரிமமும் அடையாள அட்டையும் கொடுக்கிறது, உண்மையான வழிகாட்டி அதைத் தொங்கவிட்டுக்கொண்டுதான் நடப்பார் என்று பிறகுதான் படித்தேன். தமிழில் அவருக்குத் தெரிந்தது "வணக்கம்", "ரஜினி" இரண்டும்தான். மற்றதெல்லாம் ஹிந்தியும் அரைகுறை ஆங்கிலமும்.

ஆட்களைச் சேர்க்கிறோம் என்று நிற்கவைத்து, படகு புறப்படும்போது பதினொன்றாகிவிட்டது. ஒன்பது மணியிலிருந்தே படகு ஓடுகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். தூரம் பத்துக் கிலோமீற்றர் அளவு, ஒரு மணித்தியாலப் பயணம். குருமண்வெளியில் பாதை (வாவியைக் கடக்கும் மிதவை) ஏறி மண்டூருக்குப் போய்ப் பழகின நமக்கு அது பெரிய கடல். 2024 டிசம்பர் 18ஆம் திகதி இதே வழியில் போன பயணிகள் படகில் கடற்படையின் வேகப்படகு மோதிப் பத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். அதனால் ஏறின உடனேயே எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட் கட்டச்சொன்னார்கள். அது நல்ல விஷயம், தராவிட்டால் கேட்டுக் கட்டுங்கள். மாமி கொண்டை அவிழாமல் அதைத் தலைவழியாகப் போடுவதற்குப் போராடிக்கொண்டிருந்தார், நான் பட்டியைத் தேடிக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்துத்தான் அந்த மனிதர் எழும்பி நின்று காசு சேர்க்கத் தொடங்கினார்.

"ஃபொரினர் டிக்கட் சிக்ஸ் ஹண்ட்ரட்" என்றார். நோட்டீஸில் அடங்கும் என்று இருக்கிறதே என்று என் கணவர் கேட்டார். ஒழுங்கமைப்பாளர் தம்பி, அடங்கியது இந்தியக் கட்டணந்தானாம், நாம் வெளிநாட்டவர் என்பதால் வித்தியாசத்தை இங்கேயே கட்டவேண்டுமாம் என்றார். நாங்களும் நம்பினோம். ஏன் நம்பினோம் என்றால், சீகிரியாவில் வெளிநாட்டவருக்கு ஒரு விலை, நமக்கு ஒரு விலை என்று பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். இந்தியாவில் நாம் வெளிநாட்டவர்தானே என்று மனம் தானாகவே கணக்குப் போட்டுக்கொண்டது. வித்தியாசம் என்றால் 560 அல்லவா, எதற்கு முழு 600 என்றுகூட யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. ஒன்பது வயது மகனுக்கும் சேர்த்து 14 பேருக்கு 8,400 ரூபாய் கைமாறியது. பற்றுத்துண்டு கிடையாது.

தீவில் இறங்கினால் நீண்ட பாலம், அதில் ஒரு சின்ன ரயில், பிறகு நூற்றிருபது படி அளவில் ஏற்றம். இரண்டு பக்கமும் கடை. முழங்கால் வருத்தக்காரருக்கு டோலி உண்டு, நாற்காலியில் வைத்து ஆட்கள் தூக்கிப்போவார்கள். மாமிக்கு 1,500 என்று பேசியது இந்த வழிகாட்டிதான். இறங்கி வந்ததும் அது ஏறுவதற்கு மட்டும், இறங்குவதற்கு இன்னும் 1,500 என்றார்கள். தூக்கினவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, அந்த வெயிலில் தூக்கியவர்கள் அவர்கள். பேசிய காசில் அவர்கள் கைக்கு எவ்வளவு போனதோ யாருக்குத் தெரியும். நீங்கள் போனால் ஏறி இறங்க இரண்டுக்கும் சேர்த்து எவ்வளவு என்று தூக்குகிறவரிடமே கேளுங்கள்.

குகை வாசலில் அவர் எங்களை ஒரு மரநிழலில் நிற்கச் சொல்லிவிட்டுத் தனியாகப் போய்ச் சீட்டு எடுத்துவந்தார். "நோ கியூ, நோ கியூ" என்று சிரிப்பு வேறு. உள்ளே விடுகிற காவலாளி சீட்டை வாங்கிப் பார்த்துத் தலைகளை எண்ணினார். எண்ணும்போது என் மகனை விட்டுவிட்டு "பதின்மூன்று" என்று விரலில் காட்டினார். மகன் கிட்டப் போய் அந்தத் தாளை எட்டிப் பார்த்து, "அம்மா, இதுல நாப்பது எண்டு கிடக்கு" என்றான். நான் திரும்பி அறிவிப்புப் பலகைக்குப் போனேன். நாங்கள் நின்ற நிழலிலிருந்து இருபது அடிகூட இல்லை. இந்தியர், சார்க் மற்றும் பிம்ஸ்டெக் (வங்காள விரிகுடா நாடுகளின் கூட்டமைப்பு) நாட்டவர் 40, மற்றவர் 600. அடைப்புக்குள் நாடுகளின் பெயர்களும் இருந்தன, இலங்கையும் இருந்தது.

கணக்கு இதுதான்: 13 பேருக்கு 520 ரூபாய் கட்டி, 8,400 ரூபாய் வாங்கியிருக்கிறார். மிச்சம் 7,880, நம்முடைய காசில் இருபத்தேழாயிரத்துக்கு மேல். கேட்டபோது முதலில் ஆங்கிலம் விளங்காதவர்போல நின்றார். பலகையைக் காட்டியதும் "சர்வீஸ் சார்ஜ்" என்றார். அதற்குமேல் கேட்டால் ஹிந்தியில் வேகமாகக் கதைத்தார். ஒழுங்கமைப்பாளர் தம்பி என் கையைப் பிடிக்காத குறையாக, "அக்கா, இந்த இடத்தில சண்டை வேணாம், ஊருக்குப் போய்ப் பாப்பம்" என்றார். அவருக்கும் அதில் பங்கு இருந்ததா என்று எனக்குத் தெரியாது, பழி போடவும் மாட்டேன்.

காசைவிட எனக்கு எரிச்சல் அந்தக் குகைக்குள் நடந்ததுதான். ஏறத்தாழ ஆயிரத்தைந்நூறு வருடத்துக்கு முன்பு ஒரே மலையைக் குடைந்து தூணும் சந்நிதியும் சிலையுமாக எடுத்த இடம் அது. 1987இலிருந்து யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. எங்கள் ஆள் வாசலில் நின்று "பாண்டவர் கட்டினது, ஒரே ராத்திரி" என்றார். பெரிய மூன்று முகச் சிலைக்கு முன்னால் போனதும் "பிரம்மா, விஷ்ணு, மகேஷ், ஃபோட்டோ, டென் மினிட்ஸ்". பக்கத்தில் இன்னொரு குழுவுக்கு ஒரு வயதான பெண் வழிகாட்டி ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். வெட்கத்தை விட்டு அங்கே போய் ஒட்டிக்கொண்டேன். அது மும்மூர்த்தி இல்லை, சதாசிவம், மூன்று முகமும் சிவனுடையதே என்று அவர் விளக்கினார். நமக்கு இடப்பக்கம் மீசை வைத்த கடுமையான முகம் அகோரம், வலப்பக்கம் தாமரை பிடித்த பெண்மை முகம் வாமதேவம், நடுவில் கண்மூடின தற்புருடம். இருட்டுக்குள் நின்று கண் பழகப் பழக அந்த நடு முகத்தின் கீழ் உதடு மட்டும் முதலில் தெரிய வருகிறது, பிறகுதான் கன்னம், பிறகு சடை. இருபது அடி உயரம் என்று படித்திருந்தேன். அங்கே நிற்கும்போது அந்த அளவெல்லாம் நினைவுக்கு வரவில்லை. அதற்கு இடப்பக்கம் அர்த்தநாரி, வலப்பக்கம் கங்காதரர். எங்கள் ஆள் அந்த இரண்டையும் காட்டவே இல்லை.

கிழக்கு வாசல் பக்கம் இராவணன் கைலாயத்தைப் பெயர்க்கிற சிற்பம் இருக்கிறது. அதை அந்த அம்மா சொல்லித்தான் கண்டுபிடித்தேன். மிகவும் சிதைந்துபோயிருக்கிறது. ஆனாலும் மாமி கண்டுகொண்டார். சம்பந்தர் பதிகம் பாடுகிறவருக்கு எட்டாவது பாட்டில் இராவணன் வருவான் என்பது தெரியுமே. "நம்மட ஆள் இங்கயும் நிக்கான்" என்று கும்பிட்டார். பக்கத்துச் சிலைகளில் முழங்காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை. போர்த்துக்கேயர் செய்த வேலை என்றார் அந்த அம்மா. 1628இல் நம்முடைய ஊரில் கோட்டை கட்டிய அதே போர்த்துக்கேயர். பத்து வருடத்தில் மட்டக்களப்பில் ஒல்லாந்தர் அவர்களைத் துரத்திவிட்டார்கள், பம்பாயில் அதற்குப் பிறகும் இருந்தார்கள்.

இவ்வளவையும் பார்க்க எங்களுக்குக் கிடைத்தது நாற்பது நிமிடம். இரண்டு மணிப் படகைப் பிடிக்கவேண்டும், அதைவிட்டால் படகு இல்லை என்று விரட்டினார். பொய். பின்னேரம் ஐந்து மணி தாண்டியும் படகு திரும்புகிறது, அவருடைய போனில் "தீன் பஜே, தீன் பஜே" என்று கேட்டது. ஹிந்தித் தொடர் பார்த்துப் பார்த்து மூன்று மணி என்பதுவரை எனக்கு விளங்கும். அடுத்த குழுவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார். மதிய உணவு என்று படகுத்துறையில் ஆளுக்கொரு வடாபாவ் கொடுத்தார்கள். "பாணுக்குள்ள வடைய வச்சிருக்கான்" என்று மாமி அதைப் பிரித்து வடையை மட்டும் சாப்பிட்டார். மற்றக் குகைகளை நாங்கள் பார்க்கவே இல்லை.

ஊருக்கு வந்து முகவரின் கந்தோருக்கு நான்கு முறை போனேன். முதல்முறை, இந்தியாவில் நடந்ததற்கு நாங்கள் பொறுப்பில்லை என்றார்கள். இரண்டாம் முறை நோட்டீஸை அச்செடுத்துக்கொண்டு போனேன். "நுழைவுச்சீட்டு அடங்கும்" என்ற வரிக்குக் கீழே கோடு போட்டிருந்தேன். வெளிநாட்டவர் கட்டணம் தனி என்று அதில் ஒரு சொல் இல்லை. பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்து முறைப்பாடு சொன்னதாகவும், இந்த முகவர் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிந்தவரா என்று விசாரிக்கப்போவதாகவும் சொன்னேன். பதிவு இலக்கத்தைக் கேட்டதும் குரல் இறங்கிவிட்டது. மூன்றாம் முறை, ஒவ்வொருவருக்கும் 600 இந்திய ரூபாயின் பெறுமதியைத் தருவதாக ஒத்துக்கொண்டார்கள். எங்கள் நான்கு பேருக்குத் தந்துவிட்டார்கள். மற்றப் பத்துப் பேரில் ஏழு பேர் இன்னும் கேட்கப் போகவில்லை, "கோயில் குளத்துக்குப் போன காசு" என்று விட்டுவிட்டார்கள். களுவாஞ்சிக்குடியில் இருக்கும் ஒரு அக்காவிடம் போனில் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். தமிழ் வழிகாட்டி இல்லாமல் போன நாளுக்கும் டோலிக்கும் ஒன்றும் கிடையாதாம்.

நான்காம் முறை, போன வெள்ளிக்கிழமை, அந்தப் பத்துப் பேருக்காகப் போனேன். கண்ணாடிக் கதவில் புதிய நோட்டீஸ். ஆடியில் இன்னொரு குழு. மூன்றாம் நாள் எலிபெண்டா, திகதியைப் போனில் தட்டிப் பார்த்தேன், மறுபடியும் திங்கள். அதைவிட ஆடி என்பது மும்பையில் கடும் மழைக்காலம், கடல் கொந்தளித்தால் படகையே நிறுத்திவிடுவார்கள். மேசையில் இருந்த பிள்ளையிடம் இரண்டையும் சொன்னேன். "சேர் வந்ததும் சொல்றன் டீச்சர்" என்று ஒரு துண்டில் எழுதி வைத்தது. நேற்று வட்ஸ்அப்பில் அதே நோட்டீஸ் அதே திங்கட்கிழமையோடு எனக்கே வந்திருக்கிறது. உங்களுக்குத் தெரிந்தவர்கள் யாராவது முற்பணம் கட்டியிருந்தால் கிழமையைப் பார்க்கச் சொல்லுங்கள்.