"கனடாக் கதவு" என்று விற்கிறார்கள்: வன்னியில் வீடு கட்டுவோர் கவனத்துக்கு

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள், முக்கியமாக வெளிநாட்டில் இருக்கும் அண்ணனோ மகளோ அனுப்பும் காசில் கட்டுபவர்கள், முன்வாசலுக்குக் கதவு வாங்குமுன் இதை வாசித்துவிடுங்கள். "கனடாக் கதவு", "குளிர்நாட்டுக் கதவு" என்ற பெயர்களில் வெள்ளை நிறத்தில், மரவரி பதித்த, பார்வைக்கு மிக அழகான கதவுகள் இங்கே விலைப்படுகின்றன. அவற்றில் நான்கை ஜூலையில் வாங்கினோம். நவம்பரில் இரண்டு கதவுகள் உக்கிப் போயின.

கடைக்காரர் பேச்சில் கெட்டிக்காரர். "கனடாவில் வீட்டுக்கு வீடு இந்தக் கதவுதான். மைனஸ் இருபதிலும் அசையாது. எங்கள் மழை இதற்கு எம்மாத்திரம்?" என்றார். காசு கனடாவில், ஸ்காபரோவில் இருக்கும் அண்ணாவுடையது என்பதை அதற்குள் எங்கள் வாயிலிருந்து கறந்துவிட்டிருந்தார். "வேண்டுமானால் அண்ணாவைக் கேட்டுப் பாருங்கள், அவர் வீட்டிலும் இதுதான் இருக்கும்" என்று அதையும் சேர்த்துக்கொண்டார். பிறகு பூட்டு வரும் இடத்தில் விரலை மடக்கித் தட்டிக் காட்டினார். நல்ல திடமான சத்தம். ஒரு கதவு 65,000 ரூபாய். முன்வாசலுக்கு ஒன்று, குசினியின் பின்வாசலுக்கு ஒன்று, அறைகளுக்கு இரண்டு என்று சொல்லித்தான் வாங்கினோம். எது எங்கே பூட்டப்படப் போகிறது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். அளவெடுக்க வீட்டுக்கு ஆள் அனுப்பியவரே அவர்தான்.

அந்தத் தட்டலில்தான் வித்தை. இந்த வகைக் கதவு உள்ளே வெறும் கூடு. விளிம்பைச் சுற்றி ஒடுக்கமான மரச்சட்டம், இரு பக்கமும் மரத்தூளை அழுத்திச் செய்த மெல்லிய தகடு, இடையில் அறுகோணக் கண்களாக மடித்த காகித மட்டை, அவ்வளவுதான். பூட்டைத் தாங்குவதற்காக அந்த ஓரிடத்தில் மட்டும் உள்ளே ஒரு கட்டை வைத்திருப்பார்கள். அங்கே தட்டினால் முதிரைக் கதவுக்கும் இதற்கும் காதுக்கு வித்தியாசம் தெரியாது. இரண்டு சாண் தள்ளி, கதவின் நடுவில் தட்ட வேண்டும். பூட்டுக்குத் துளை போட்டபோதும் கட்டைத்தூள்தான் கொட்டியது என்பதால் எங்கள் ஓடாவியாருக்கும் அப்போது சந்தேகம் வரவில்லை.

எங்கள் வீடு வடக்குப் பார்த்தது. வன்னியின் ஆண்டு மழையில் பெரும்பங்கு ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் வடகீழ்ப் பருவக்காற்றோடு வந்து விழுவது. அது நேரே விழுவதும் இல்லை. வாடைக்காற்று சாய்த்துக்கொண்டு வந்து வாசலில் அடிக்கும். முதல் பெருமழைக்கே கதவின் கீழ் விளிம்பில் பூச்சு கொப்புளித்தது. அடுத்த மழைக்குக் கதவு படியில் உரசத் தொடங்கியது. ஓடாவியார் சீவிவிட்டார். சீவிய இடத்தால் இன்னும் அதிகமாகத் தண்ணீர் குடித்தது. பிறகு ஒருநாள் கீழ் மூலையில் அம்மா கைவைத்ததும், தேநீரில் தோய்த்த விசுக்கோத்துப் போலத் தகடு பிய்ந்து அவர் கையோடு வந்தது. உள்ளே சாம்பல் நிறத்தில் மட்டைக் கூழ். குசினிக் கதவில் அதற்குமேல் ஒரு படி: கறையான் நிலையின் ஓரமாக மண்பாதை கட்டி ஏறி, மட்டையைத் தின்றுகொண்டிருந்தது. பாலை மரத்தில் செய்த நிலைக்கு ஒரு கீறல்கூட இல்லை.

அன்றிரவே அண்ணாவுக்கு வீடியோ அழைப்பு எடுத்துக் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "தம்பி, அந்த ஆள் சொன்னது பொய்யில்லை. என்னுடைய வீட்டிலும் இந்தக் கதவு இருக்கிறது. படுக்கை அறைக்கு" என்றார். தொலைபேசியை எடுத்துக்கொண்டு போய் முன்கதவைத் திறந்து அதன் விளிம்பைக் காட்டினார். வெளியே உருக்குத் தகடு. இரண்டு தகடுகளுக்கும் நடுவில் பொலியூரிதேன் நுரை அடைத்தது. சிலர் உருக்குக்குப் பதிலாகக் கண்ணாடி நாரில் செய்தது போடுவார்களாம். நிலையைச் சுற்றிக் காற்றுப் புகாமல் இறப்பர் பட்டி, அடியில் படியோடு ஒட்டி நிற்கும் இன்னொரு பட்டி. அங்கே வெளிக்கதவின் தடிப்பு வழக்கமாக 44 மில்லிமீட்டர், அதாவது ஒன்றேமுக்கால் அங்குலம். உட்கதவு பெரும்பாலும் 35 மில்லிமீட்டர்தான். எங்கள் முன்வாசலில் தொங்கியதை அளந்தோம்: 35.

கனடாவின் உட்கதவு பனியைக் காண்பதே இல்லை. குளிர்காலம் முழுவதும் சூடாக்கிய, உலர்ந்த காற்றுக்குள்தான் அது நிற்கிறது. மைனஸ் இருபதைத் தாங்குவது வாசலில் இருக்கும் அந்த உருக்குக் கதவு. பேரை ஒன்றிடம் வாங்கி இன்னொன்றுக்குச் சூட்டி விற்றிருக்கிறார்கள். உட்கதவுக்கு அடியில் முக்கால் அங்குலம் அளவுக்கு இடைவெளி விடுவதும் அங்கே காரணத்தோடுதான். கதவைச் சாத்தினாலும் சூடேற்றியிலிருந்து வரும் காற்று அறைக்கு அறை ஓட வேண்டும். எங்கள் முன்வாசலில் அதே இடைவெளியால் மட்டத்தேள் வந்தது. புடையன் வராதது எங்கள் அதிர்ஷ்டம்.

உண்மையான குளிர்நாட்டு வெளிக்கதவையே இறக்கினால் என்ன என்று கேட்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அந்த நுரை குளிரைத் தடுப்பதுபோல வெயிலின் சூட்டையும் தடுக்கும், அது உண்மை. ஆனால் அது சுற்றிலும் காற்றுப் புகாமல் அடைத்த வீட்டுக்குச் செய்தது. சுவரின் மேலே காற்றுக் கண் விட்டு, ஜன்னலெல்லாம் திறந்து வைத்து, சோளகக் காற்று உள்ளே புகுந்து வெளியே போகட்டும் என்று இருக்கும் வீட்டுக்குக் கதவில் மட்டும் நுரை வைத்து என்ன பயன்? 2016ஆம் ஆண்டளவில் வடக்கு கிழக்குக்கு 65,000 உருக்கு வீடுகள் என்ற திட்டம் வந்தபோது, இந்த வெயிலுக்கு இது பொருந்துமா என்று எத்தனை பேர் கேட்டோம்! அதே கேள்வியைக் கதவுக் கடையிலும் கேட்கலாம்.

கடைக்குப் போனோம். முதல் நாள், "ஓயில் பெயின்ட் அடியுங்கள், சரியாகிவிடும்" என்றார்கள். இரண்டாவது முறை, "இது உட்கதவு, வெளியே பூட்டச் சொன்னது யார்?" என்று திருப்பிவிட்டார்கள். பற்றுச்சீட்டில் "பிரீமியம் கதவு – 4" என்று மட்டும்தான் எழுதியிருந்தது. உள் என்றும் இல்லை, வெளி என்றும் இல்லை. ஓடாவியார் முன்கதவைக் கழற்றியபோது மேல் விளிம்பில், கண்ணுக்கு எட்டாத இடத்தில், ஒட்டுத்தாள் ஒன்றை பிளேடால் சுரண்டிய அடையாளம் இருந்தது. அறைக்கதவுகளின் மேல் விளிம்பையும் ஏணி வைத்துப் பார்த்தோம். ஒன்றில் சுரண்ட மறந்திருக்கிறார்கள். "உள்ளகப் பாவனைக்கு மட்டும்" என்று ஆங்கிலத்தில் தெளிவாக அச்சிட்டிருக்கிறது. அந்த ஒட்டுத்தாளைப் படமெடுத்து வைத்திருக்கிறோம்.

2008, 2009 இடப்பெயர்வுகளில் கதவையும் நிலையையும் கழற்றி உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு அலைந்த சனம் நாங்கள். கதவின் பெறுமதியை எங்களுக்குப் படிப்பிக்கத் தேவையில்லை. அந்தச் சனத்தின் வாசலில் கொண்டுவந்து மட்டையை மாட்டிவிட்டுப் போகிறவர்களை என்னவென்று சொல்வது?

நியாயமாகச் சொன்னால், அறைகளில் பூட்டிய இரண்டும் இன்னமும் நன்றாகத்தான் இருக்கின்றன. மழை படாத, கழுவும் தண்ணீர் தேங்காத உள்ளறைக்கு அவை போதும், ஆனால் 65,000 ரூபாய்க்கு அல்ல. குளியலறைக்கு அதுவும் கூடாது. அங்கே பிளாஸ்டிக் கதவே மேல். வெளிவாசலுக்கு முதிரை, பாலை, தேக்கு எதுவானாலும் முழு மரம் வேண்டும். முதிரையும் பாலையும் கறையானுக்கு இலேசில் இடம் கொடாதவை. அதற்காக மரக்காலையில் சொல்வதையெல்லாம் நம்பவும் வேண்டாம். ஈரம் காயாத மரத்தில் செய்த கதவு அடுத்த கோடையில் சுருங்கி வெளிச்சம் காட்டும். அறுத்து எத்தனை மாதமாயிற்று என்று கேளுங்கள். முதிரையை ஏற்றி வர அனுமதிப்பத்திரம் தேவை என்பதையும் மறக்க வேண்டாம். எந்த மரமானாலும் கதவின் மேல் விளிம்புக்கும் அடி விளிம்புக்கும் பூட்டுமுன்னரே பூச்சு அடிக்கச் சொல்லுங்கள். பூட்டிய பிறகு அங்கே தூரிகை போகாது. தண்ணீர் மட்டும் போகும்.

கடையில் வாங்குவதானால் கதவைப் படுக்க வைக்கச் சொல்லி நான்கு விளிம்பையும் பாருங்கள். நடுவில் தட்டுங்கள், தடிப்பை அளவுநாடா வைத்து அளவுங்கள். பற்றுச்சீட்டில் "வெளிவாசல் கதவு" என்று எழுதி, உள்ளே இருப்பது என்ன பொருள் என்பதையும் குறிக்கச் சொல்லுங்கள். இதை எழுத மறுக்கிற கடையில் வாங்க வேண்டாம்.

இன்னொன்று, இதுதான் எங்களை அதிகம் சுட்டது. பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தோம். மரியாதையாகத்தான் பேசினார்கள். ஆனால் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி, பொருளை வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு கொடுக்க வேண்டும். ஜூலையில் வாங்கிய கதவுக்கு அந்தத் தவணை ஒக்டோபரில் முடிகிறது. மாரி அப்போதுதான் தொடங்கும். கோடையில் கதவு விற்பவருக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்? ஆகவே கோடையில் வாங்கினால், பூட்டிய கிழமையே ஒரு வாளித் தண்ணீரைக் கதவின் அடியில் ஊற்றிப் பாருங்கள்; மழைக்காகக் காத்திருக்க வேண்டாம். விளிம்பு வீங்கினால் அன்றே படமெடுத்து, பற்றுச்சீட்டின் பிரதியோடு முறைப்பாட்டை எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

எங்கள் விடயம் இப்போது மத்தியஸ்த சபையில் இருக்கிறது. முதல் தவணைக்குக் கடைக்காரர் வரவில்லை. தீரும்வரை கடையின் பெயரை எழுத மாட்டேன், தனியாகவும் கேட்க வேண்டாம். இதே வெள்ளைக் கதவை வெளிவாசலில் பூட்டியிருப்பவர்கள் ஏணி வைத்து மேல் விளிம்பைப் பாருங்கள். ஒட்டுத்தாள் இருந்தால் கிழிக்காமல் படமெடுத்து வையுங்கள்.