பாடசாலை நாடகமா, மேசைக் கதைவிளையாட்டா?

கூச்சமுள்ள பிள்ளைக்கு எது உதவும் என்று யாழ்ப்பாணத்தில் கேட்டால், நாடகத்தில் சேர்த்துவிடுங்கள் என்பார்கள். தமிழ்த்தினப் போட்டிக்குப் பழகும்போது குரல் திறக்கும், மேடைப் பயம் குறையும். உண்மைதான். ஆனால் வசனமும் முடிவும் முன்பே எழுதப்பட்டவை. நன்றாகப் பேசும் பிள்ளைக்கே பெரிய பாத்திரமும் போய்ச் சேருகிறது.

1974இல் வெளிவந்த 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' தொடக்கிவைத்த மேசைக் கதைவிளையாட்டில் எழுதிய வசனம் இல்லை. நான்கைந்து பேர் சுற்றியிருக்க, ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி என்ன செய்வதென்று சொல்வார்கள். "பாலம் உடைஞ்சு கிடக்கு, என்ன செய்யப் போறீங்கள்?" ஒரு பிள்ளை பாய்வோம் என்னும், மற்றது மாட்டேன் என்னும். அங்கேதான் பேசி இணங்கப் பழகுகிறார்கள். எடுத்த முயற்சி பலிக்குமா என்பதைத் தாயக்கட்டை சொல்லும்; அது சரியாக விழாவிட்டால் தோல்வியைத் தாங்கவேண்டும். ஆனாலும் கதை நிற்காது, வேறு வழி தேடலாம். கோபத்தையும் பயத்தையும் பாத்திரத்தின் பெயரில் சொல்லிப் பார்ப்பது பிள்ளைக்கு எளிது. பார்த்துக்கொண்டிருக்கச் சபை இல்லாததும் பெரிய ஆறுதல்.

மேடையில் நிற்க ஆசைப்படும் பிள்ளையை நாடகத்துக்கே விடுங்கள். பேசத் தயங்கும் பிள்ளைக்கு நான் மேசையைத்தான் சொல்வேன். செலவும் குறைவு: வாசிகசாலை மேசை, தாள், பென்சில், லூடோக் கட்டை. கதை நயினாதீவுப் படகிலேயே நடக்கலாம். நடத்தும் பெரியவர் மட்டும் பொறுமைசாலியாக இருக்கவேண்டும். சத்தமான பிள்ளை மற்றவர்களின் முறையைப் பறிக்காமல் பார்ப்பது அவர் பொறுப்பு.