புது லப்டொப் இழுக்கிறதா? சுத்தம் செய்வதா, எஸ்.எஸ்.டி. மாற்றுவதா, ரேம் கூட்டுவதா?

தங்கச்சியின் புது லப்டொப் வெள்ளவத்தை வீட்டுக்கு வந்து மூன்று கிழமைதான். சூம் வகுப்பு ஓடும்போது எக்ஸலைத் திறந்தால் வட்டம் சுற்றத் தொடங்கும், ஆசிரியரின் குரல் அறுந்து அறுந்து வரும். "அண்ணா, பழையதே பரவாயில்லைப் போல கிடக்கு" என்றாள். ஒரு வருடமாகச் சேர்த்த காசில் வாங்கியது. பழுது ஒன்றும் இல்லாததால் கடையும் திருப்பி எடுக்காது. வேண்டாத செயலிகளை அகற்றிச் சுத்தம் செய்வது, வேகமான எஸ்.எஸ்.டி. (கோப்புகளையும் விண்டோஸையும் சேமித்து வைக்கும் பாகம்) போடுவது, ரேம் (ஓடிக்கொண்டிருக்கும் வேலைகளை வைத்திருக்கும் தற்காலிக நினைவகம்) கூட்டுவது என்று மூன்று வழிதான் இருந்தது. நாங்கள் ரேமைத் தேர்ந்தோம். அதே நிலையில் இருப்பவர்களுக்கும் அதையே சொல்வேன்.

காசு போகாத வழி என்பதால் சுத்தம் செய்வதை முதலில் பார்த்துவிடுங்கள். புது லப்டொப்பில் முதல் இரண்டு மூன்று நாள் பின்னணியில் அப்டேட் ஓடிக்கொண்டே இருக்கும். சார்ஜரில் போட்டு அதை முடிய விடவேண்டும். கூடவே வந்த சோதனைக்கால அன்டிவைரஸை நீக்கினோம், விண்டோஸின் சொந்த டிஃபெண்டர் தானாகவே அந்த வேலையை எடுத்துக்கொண்டது. ஆன் ஆகும்போதே எழும்பும் செயலிகளையும் நிறுத்தினோம். திறக்கும் நேரம் நன்றாகக் குறைந்தது. சூம் வகுப்பில் மட்டும் அதே இழுபறி.

ஃபோமட் பண்ணி விண்டோஸைப் புதிதாகப் போடச் சொல்பவர்களும் உண்டு. செய்யலாம், லைசன்ஸ் மதர்போர்டோடு (லப்டொப்பின் பிரதான சர்க்யூட் பலகை) இருப்பதால் தானாகவே திரும்ப வந்துவிடும். ஆனால் அதில் கிடைக்கும் பலனில் பெரும்பகுதி மேலே சொன்ன அரை மணி நேர வேலையிலேயே கிடைத்துவிடுகிறது. விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய லினக்ஸ் எனக்குப் பிடித்தமானதுதான், ஆனாலும் அதில் எக்ஸலை நேரடியாகப் போட முடியாது, கணக்கியல் படிக்கும் பிள்ளைக்கு அது இல்லாமல் ஆகாது.

சரி, எங்கே அடைபடுகிறது? கொன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மனேஜர் வரும். வகுப்பு நடக்கும்போதே அதைத் திறந்து பார்த்தேன். ப்ரொசஸர் பாதி வேலைகூடச் செய்யவில்லை. மெமரி, அதாவது ரேம், மட்டும் 95 சதவீதத்தில் நின்றது. பெட்டியில் 8 ஜி.பி. என்று போட்டிருந்தாலும் செட்டிங்ஸில் பயன்படுத்தக்கூடியது 5.9 ஜி.பி. என்றே காட்டியது. தனி கிராஃபிக்ஸ் காட் இல்லாத லப்டொப் என்பதால், மீதி 2 ஜி.பி.யைத் திரைக்கென்று ஒதுக்கிவிட்டிருக்கிறது. விண்டோஸ் 11 சும்மா இருக்கும்போதே 3.7 ஜி.பி. பிடித்தது. சூமும் க்ரோமும் எக்ஸலும் மிஞ்சியதற்குள்தான் நெருக்கியடிக்க வேண்டும்.

பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் விசாரித்தபோது ஒரு கடைப் பெடியன், "அண்ணா, நல்ல எஸ்.எஸ்.டி. ஒன்று போட்டால் பறக்கும்" என்றான். ஹார்ட் டிஸ்க் உள்ள லப்டொப் என்றால் அவன் சொல்வது முழுக்கச் சரி. நிமிடத்துக்கு 5400 தடவை சுற்றும் தட்டில் விண்டோஸ் 11 ஓடுவது பெரும் பாடு. அப்படியானவர்கள் நான் ரேமைப் பற்றிச் சொல்வதை விட்டுவிட்டு முதலில் எஸ்.எஸ்.டி.யே வாங்குங்கள். தங்கச்சியுடையதில் என்.வி.எம்.ஈ. என்ற வேகமான வகை எஸ்.எஸ்.டி. ஏற்கனவே இருக்கிறது. ரேம் நிறைந்ததும் விண்டோஸ் மிச்சத்தை எஸ்.எஸ்.டி.யில் கொண்டுபோய் வைத்து, வேண்டும்போது திரும்ப எடுக்கும். நல்ல என்.வி.எம்.ஈ. ஒன்று நொடிக்கு 3.5 ஜி.பி. வாசிக்கும், டி.டி.ஆர்.4 3200 என்ற வகை ரேம் ஒன்றே 25 ஜி.பி.க்கு மேல் கொடுக்கும். கேட்டதைத் தேடிக் கொடுக்கும் நேரத்தில் வித்தியாசம் இன்னும் பெரிது, பல நூறு மடங்கு. 7 ஜி.பி. வேகத்தில் வாசிக்கும் எஸ்.எஸ்.டி. வாங்கினாலும் அந்த இடைவெளி மூடாது. இடம் போதாதவர்களுக்கு எஸ்.எஸ்.டி. சரி, வேகத்துக்கென்று இங்கே காசைப் போடுவது வீண்.

இன்னொரு 8 ஜி.பி. போட்டோம். இப்போது 13.9 ஜி.பி. பாவிக்கலாம். அதே வகுப்பு, அதே எக்ஸல், மெமரி 7.8 ஜி.பி.யில் நிற்கிறது. அதாவது அந்த வேலைகளுக்கு உண்மையில் தேவைப்பட்ட அளவே பழைய 5.9க்குள் அடங்காது. ரேம் இரண்டாக இருப்பதால் கிராஃபிக்ஸுக்கும் நன்மை உண்டு, இரண்டு பாதையில் தரவு போகும். நாங்கள் கேம் விளையாடுவதில்லை, வீடியோ எடிட்டிங்கும் இல்லை. அவற்றில் எவ்வளவு வித்தியாசம் தெரியும் என்று அனுபவத்தில் சொல்ல என்னால் முடியாது.

ரேமின் குறை விலைதான். 2025 கடைசியில் உலகம் முழுக்க ரேம் விலை ஏறியது, இங்கே டொலரும் சேர்ந்துகொள்ளும். இரண்டு மூன்று கடையில் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

வொரண்டிக்காக, லப்டொப்பை வாங்கிய கடையிலேயே திறக்கச் சொன்னேன். வொரண்டி அப்படியே தொடரும் என்பதை பில்லில் எழுதுவித்து முத்திரையும் குத்துவித்தேன். வாய்ப் பேச்சை நம்பி வீட்டில் திருகாணியைக் கழற்ற வேண்டாம்.

அப்புறம், கடைக்குப் போவதற்கு முன் டாஸ்க் மனேஜரில் மெமரி பக்கத்தின் கீழ்ப்பகுதியைப் பாருங்கள். "சோடிம்" (கழற்றி மாட்டக்கூடிய ரேம்) என்றும் இரண்டில் ஒரு ஸ்லொட் (ரேம் செருகும் இடம்) பாவனையில் என்றும் இருந்தால் கூட்டலாம். "ரோ ஒஃப் சிப்ஸ்" என்றிருந்தால் ரேம் மதர்போர்டிலேயே பற்றவைத்தது. அங்கே ஸ்லொட் எண்ணிக்கையை நம்பாமல், வேறு ஸ்லொட் உண்டா என்று மாடல் நம்பரைக் கொண்டு தேடுங்கள். ரேம் வகையையும் பாருங்கள், டி.டி.ஆர்.4க்கான இடத்தில் அடுத்த தலைமுறையான டி.டி.ஆர்.5 பொருந்தாது. நான் அந்தப் பக்கத்தை ஃபோனில் படம் பிடித்துக்கொண்டுதான் காலி வீதியில் பஸ் ஏறினேன்.